கையில் ஸ்பேனர், பெயர் 'பயிலுநர்'!

வேலை இருக்கிறது, வேலை தெரிந்த ஆள்தான் இல்லை என்று முதலாளிமார்களின் மாநாடுகளில் ஒரு பல்லவி பாடப்படுகிறது. மந்திரிகள் அதற்குத் தாளம் போடுகிறார்கள். பெரிய பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் அச்சடிக்கின்றன. வேலையில்லாமல் தெருவில் நிற்கும் வாலிபன்தான் குற்றவாளியாம். அவனுக்குத் திறமை இல்லையாம். திறமையை வளர்த்துக்கொண்டு வந்தால் வேலை வாசலில் காத்திருக்கிறதாம்.

நாம் இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்பதை ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு விளக்குகிறோம். அது டீசல் மெக்கானிக் தொழில்.

இந்தத் தொழிலை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஆலையில் கரண்ட் நின்றால் ஓடுகிற ஜெனரேட்டர் டீசல். நம்மை ஆலைக்குக் கொண்டுவந்து விடும் பஸ் டீசல். நெல் மூட்டை ஏற்றிப் போகும் லாரி டீசல். வயலை உழுகிற டிராக்டர் டீசல், அறுக்கிற இயந்திரம் டீசல், வாய்க்காலில் தண்ணீர் வராதபோது இறைக்கிற பம்பு செட்டும் பல இடங்களில் டீசல். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தங்கள் பிள்ளைக்கு ஒரு கைத்தொழில் வேண்டும் என்று நினைக்கும்போது, முதலில் நினைவுக்கு வரும் தொழில்களில் இது ஒன்று. அந்தப் பிள்ளை ஸ்பேனரைக் கையில் எடுத்த நாளிலிருந்து அவனுக்கு என்ன நேர்கிறது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இது என்ன மந்திர வித்தையா?

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைக்க பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இழுத்து, அதை 15 முதல் 22 மடங்கு வரை நெருக்குகிறார்கள். நெருங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் வழியாக டீசலைப் புகைபோலத் தூவினால் அது தானாகவே பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது, கிராங்க் சுற்றுகிறது. அடிப்படை இவ்வளவுதான்.

இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல் 1858இல் பாரிஸ் நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் புத்தகம் பைண்டு செய்து, தோல் சாமான் செய்து பிழைத்த கைத்தொழிலாளி. ஜெர்மனிக்குச் சென்று, உதவிச் சம்பளத்தில் தொழிற்கல்வி பயின்றுதான் அவர் எஞ்சினியர் ஆனார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடிற்று. உழைப்பாளிகள் கூட்டாகத் தங்களுக்கென்று தொழில்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்று 1903இல் ஒரு புத்தகமே எழுதியவர் அவர். அந்த எஞ்சினை வைத்து லாபம் குவிப்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். ஆகவே நாம் சொல்லுகிறோம். கைத்தொழிலாளியின் மகன் பொதுச் செலவில் படித்ததால் உலகத்துக்குக் கிடைத்த இயந்திரம் இது. நம்முடைய பிள்ளைகளுக்கு அதைப் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்க மட்டும் ஏன் இத்தனை கஞ்சத்தனம்?

தொழில் எளிதென்று நாம் சொல்லவில்லை. டீசல் லைனில் காற்றுப் பிடித்துக்கொண்டால் அதை வெளியேற்றத் தெரிய வேண்டும். டாப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்யத் தெரிய வேண்டும். வால்வு உட்கார்கிறதா, ரிங் தேய்ந்ததா, லைனர் முட்டை வடிவமாகிவிட்டதா என்று மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கத் தெரிய வேண்டும். கறுப்புப் புகை வந்தால் என்ன, வெள்ளைப் புகை வந்தால் என்ன, நீலப் புகை வந்தால் என்ன என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு எஞ்சினுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரும் உட்கார்ந்துவிட்டது. காமன் ரெயில் பம்பு, சென்ஸார், புகையைச் சுத்தம் செய்யும் சாதனம் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஸ்கேனரை மாட்டிப் பழுதைப் படிக்கத் தெரியாதவன் இன்றைய லாரியைத் தொட முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஐ.டி.ஐ.யில் இந்தத் தொழிலுக்கு வகுத்திருக்கும் படிப்பு ஓராண்டுதான். நல்ல எஞ்சின், நல்ல கருவி, நல்ல வாத்தியார் மூன்றும் இருந்தால் ஓராண்டில் அடிப்படை கைக்கு வந்துவிடும். இன்னொரு வருஷம் பெரிய மெக்கானிக் பக்கத்தில் நின்றால் கை பழகிவிடும். அப்படியானால் நம் பையன்கள் நான்கு வருஷம், ஐந்து வருஷம் 'கற்றுக்கொள்பவன்' என்ற பெயரிலேயே ஏன் கிடக்கிறார்கள்? கற்க வேண்டியது மிச்சம் இருப்பதாலா, கற்றவனுக்குக் கூலி கொடுக்க மனம் இல்லாததாலா?

மூன்று வாசல்கள்

ஏழைப் பிள்ளைக்கு இந்தத் தொழிலில் நுழைய மூன்று வாசல்கள் உள்ளன.

முதல் வாசல் ரோட்டோரப் பட்டறை. எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது பள்ளிக்கூடம் நின்றுபோன பையனை அப்பா கொண்டுவந்து விடுகிறார். டீ வாங்கி வருவது, பெட்ரோலில் நட்டு போல்ட்டுக் கழுவுவது, வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் பிடிப்பது என்று இரண்டு வருஷம் போகிறது. பிறகு கை வைக்க விடுகிறார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும்: தமிழ்நாட்டின் மிகச் சிறந்த டீசல் கைகள் பல இந்தப் பட்டறைகளில்தான் உருவாயின. எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறைச் சொல்லும் மேஸ்திரிகளுக்கு நாம் தலைவணங்குகிறோம். பட்டறைக்காரரே பல இடங்களில் கடனில் மூழ்கிய தொழிலாளிதான். ஆனால் அங்கே கற்ற பையனுக்குச் சர்டிபிகேட் இல்லை, ஒப்பந்தம் இல்லை, அடிபட்டால் கேட்க நாதி இல்லை. பத்து வருஷ அனுபவத்தோடு கம்பெனி வாசலுக்குப் போனால் 'காகிதம் எங்கே?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.

இரண்டாவது வாசல் ஐ.டி.ஐ. இந்தத் திட்டம் 1950இல் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் சுமார் 15,000 ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன, ஏறத்தாழ ஐந்தில் நான்கு தனியார் கையில். சர்க்கார் ஐ.டி.ஐ.யில் கட்டணச் சுமை குறைவு, உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் பெண்களுக்கும் 2024இல் ஆண்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டங்கள் தொடங்கியபோது, சர்க்கார் பள்ளியில் படித்துவிட்டு ஐ.டி.ஐ. சேர்ந்தவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். இதை நாம் வரவேற்கிறோம். ஏழைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் போராடிப் பெற்ற ரூபாய்தான். ஆனால் வாத்தியார் இடம் காலி, ஸ்கேனர் இல்லை, பழைய எஞ்சினைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பது என்ற நிலைமை ஒரு ஐ.டி.ஐ.யில் இருந்தாலும் அது பிள்ளையின் ஓராண்டைத் திருடுவதாகும். பணம் மட்டும் கொடுத்தால் போதாது. படிப்பையும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வாசல் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ். 'நூற்றுக்கு நூறு வேலை உத்தரவாதம், வெளிநாட்டு வாய்ப்பு.' நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய பிறகுதான் தெரிகிறது, அந்தச் சர்டிபிகேட்டை எந்த டிப்போவும் மதிப்பதில்லை என்று. பெற்றோர்களே, பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தேர்வு முடிவில் கிடைப்பது சர்க்கார் அங்கீகரித்த தேசியத் தொழிற்சான்றிதழா? வாய்ச் சொல்லை நம்பாதீர்கள். எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த வாசலில் நுழைந்தாலும் பெரிய கம்பெனிக்கோ, பஸ் டிப்போவுக்கோ, ரயில்வே பணிமனைக்கோ போக வேண்டுமென்றால் கடைசியில் ஒரே ஒரு திட்டிவாசல் வழியாகத்தான் குனிந்து போக வேண்டும். அதன் பெயர் அப்ரண்டிஸ். இப்போது அதற்கு அழகான தமிழில் 'பயிலுநர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அப்ரண்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. அதன் 18ஆம் பிரிவைத் தொழிலாளி ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அப்ரண்டிஸ் என்பவன் பயிற்சி பெறுபவன், தொழிலாளி அல்ல; தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தா. இதுதான் அதன் சாரம். ஒரு வரியில் பிராவிடண்ட் பண்டு போயிற்று, ஈ.எஸ்.ஐ. போயிற்று, போனஸ் போயிற்று. தகராறு வந்தால் லேபர் கோர்ட்டு வாசல் இல்லை. அப்ரண்டிஸ் ஆலோசகர் என்ற அதிகாரியிடம்தான் போக வேண்டும்.

பழைய 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டமாவது 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள் அப்ரண்டிஸையும் சேர்த்துச் சொல்லியிருந்தது. 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்குக் கொண்டுவரப்பட்ட தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 1961 சட்டத்தின் கீழ் வரும் அப்ரண்டிஸை அந்தச் சொல்லிலிருந்தே வெளியே தள்ளிவிட்டது. வாசல் மூடியிருந்தது, இப்போது சுவரே எழுப்பிவிட்டார்கள்.

2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். யாருக்காகத் திருத்தினார்கள்? முன்பு சட்டத்தை மீறிய முதலாளிக்குச் சிறைத்தண்டனை என்ற பயம் இருந்தது. அதை எடுத்துவிட்டு அபராதம் மட்டும் வைத்தார்கள். பயிலுநரின் வேலை நேரத்தை முதலாளியே தீர்மானிக்கலாம் என்றார்கள். பயிற்சி முடிந்தவனுக்கு வேலை கொடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தன் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஓநாயிடமே ஆட்டுக்கிடைக்குச் சட்டம் எழுதச் சொன்ன கதை இது!

2019இல் விதிகளை மாற்றினார்கள். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், மொத்த ஆளில் நூற்றுக்கு இரண்டரை முதல் 15 வரை அப்ரண்டிஸ் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவனுக்கு அந்த விதிகள் நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். அதற்கு முன்பே, 2016இல் ஒரு திட்டம் வந்திருந்தது: அந்த உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய சர்க்காரே தாங்கிக்கொள்ளும். அது யார் பணம்? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற நம்முடைய பணம்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1,000 பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிப்படி 150 அப்ரண்டிஸ் வரை வைக்கலாம். நிரந்தர மெக்கானிக் ஒருவருக்குச் சம்பளம், சேமநிதி எல்லாம் சேர்த்து மாதம் 30,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்ரண்டிஸுக்கு 7,000. அதில் 1,500 சர்க்கார் கொடுத்துவிட்டால் கம்பெனிப் பெட்டியிலிருந்து போவது 5,500.

'பையனுக்கு முழு வேலை தெரியாது, பாதி வேலைதான் செய்கிறான்' என்று முதலாளி சொல்வார். சரி, அவர் வாதத்தையே ஏற்றுக்கொள்வோம். பாதி வேலையின் மதிப்பு 15,000. அவர் கொடுப்பது 5,500. ஒரு பையன்மேல் மாதம் 9,500 ரூபாய் மிச்சம். 150 பையன்கள்மேல் மாதம் 14,25,000. வருஷத்துக்கு ஒரு கோடியே 71 லட்சம்! இவ்வளவும் பையன் பாதி வேலைதான் செய்கிறான் என்ற முதலாளியின் கணக்குப்படி. அவன் முக்கால் வேலை செய்தால் எவ்வளவு, முழு வேலை செய்தால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

வருஷம் முடிந்ததும் என்ன நடக்கிறது? கை பழகிய அந்த 150 பேரை வாசலில் நிறுத்திக் கையில் ஒரு சர்டிபிகேட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, புதிதாக 150 பேரை உள்ளே அழைக்கிறார்கள். திறமையான ஆள் கிடைக்கவில்லை என்று மேடையில் அழுகிறவர்கள், திறமை பெற்ற ஆளைப் பின்வாசல் வழியாக வெளியே தள்ளுகிறார்கள். பல்லவிக்கும் நடத்தைக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

ஆலைத் தோழர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. பஞ்சாலைகளில் கிராமத்து இளம் பெண்களைப் பயிற்சியாளர் என்று பெயர் சூட்டி, விடுதியில் அடைத்து, மூன்று வருஷம் ஷிப்டு ஷிப்டாக வேலை வாங்கி, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருவதாக ஆசை காட்டிய சுமங்கலித் திட்டத்தை நாம் மறந்துவிட்டோமா? நூல் நூற்கிற கை பயிற்சியாளரின் கையாம். நூல் மட்டும் முழு விலைக்கு விற்றதாம்! அதே வித்தைதான் இன்று எஞ்சின் பக்கம் வந்திருக்கிறது.

'கற்றுக்கொடுப்பதற்குக் கூலியும் வேண்டுமா?'

முதலாளி தரப்பிலிருந்து வரும் கேள்வி இது. நாங்கள் இலவசமாகத் தொழில் சொல்லிக்கொடுக்கிறோம், கைச்செலவுக்கும் பணம் தருகிறோம், இன்னும் என்ன வேண்டும் என்கிறார்கள்.

நாம் பதில் சொல்லுகிறோம். சொல்லிக்கொடுப்பது யார்? முதலாளியா? அவர் இன்ஜெக்டரைத் தொட்டதுண்டா? எஞ்சினுக்கு அடியில் பையனைப் பக்கத்தில் படுக்கவைத்து, 'இந்தப் போல்ட்டை இப்படித் திருகு, இதற்குமேல் திருகினால் நெளிந்துவிடும்' என்று சொல்லிக்கொடுப்பது இன்னொரு தொழிலாளி. அந்தத் தொழிலாளிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்? அவருக்கு முன்னால் இருந்த தொழிலாளி. இந்த அறிவு தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளி வர்க்கம் சேர்த்துவைத்த சொத்து. அதை முதலாளி தன் தானம் என்று சொல்லிக்கொள்வது ஊரார் கிணற்றில் இறைத்த நீரை ஊராருக்கே விற்பது போன்றது.

பயிற்சிக்கு ஒரு காலம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் நிரந்தரத் தொழிலாளியின் முழுச் சம்பளத்தை அப்படியே கொடு என்றும் நாம் கேட்கவில்லை. பயிற்சி பயிற்சியாக இருக்கட்டும் என்றுதான் சொல்லுகிறோம். பஸ் டிப்போவில் இரவு ஷிப்டில் வண்டியைத் தயார் செய்து காலையில் ரோட்டுக்கு அனுப்புகிறவன் பயிலுநர் அல்ல. அவன் கையை நம்பி ஐம்பது பிரயாணிகள் மலைப்பாதையில் இறங்குகிறார்கள். பிரேக்கைச் சரிபார்க்கும் பொறுப்புக்கு அவன் தொழிலாளி. சம்பளம் வாங்கும்போது மட்டும் மாணவனா?

சட்டத்திலேயே உள்ள ஆயுதங்கள்

முதலாளிக்காக வளைத்த சட்டத்திலும், தொழிலாளி இயக்கம் விழிப்போடு இருந்தால் பிடித்துக்கொள்ளக்கூடிய சில பிடிகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பயிலுநரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் 'டிரெய்னி' என்று வெறும் வாயால் சொல்லி வேலை வாங்கினால் அவன் அந்தச் சட்டத்தின் அப்ரண்டிஸே அல்ல. தொழிலாளி என்று நாம் வாதாட இடமிருக்கிறது.

13ஆம் பிரிவின்படி பயிலுநருக்குப் பீஸ் கணக்கில் பணம் கொடுக்கக் கூடாது. உற்பத்தி போனஸ் திட்டங்களில் அவனைச் சேர்க்கவும் கூடாது. பீஸ் கணக்கைக் காட்டி அவனை விரட்டுவது சட்டவிரோதம்.

15ஆம் பிரிவின்படி அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. அந்த அதிகாரியும் பயிற்சியின் நன்மைக்கோ பொது நன்மைக்கோ அவசியம் என்று கண்டால்தான் அனுமதிக்கலாம். 'லோடு அவசரம்' என்பது காரணமாகாது.

14ஆம் பிரிவு, தொழிற்சாலைத் தொழிலாளிக்குள்ள சுகாதார, பாதுகாப்பு, நல ஏற்பாடுகளைப் பயிலுநருக்கும் கொடுக்கிறது. 16ஆம் பிரிவின்படி பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் முதலாளி நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். இந்தத் தொழிலில் இது சிறிய விஷயம் அல்ல. இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கிறது. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்தால் ஊசிபோலத் தோலுக்குள் பாய்ந்துவிடும். காயம் கடுகளவு தெரியும், விரலையே எடுக்க நேரிடும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012இல் திட்டவட்டமாக அறிவித்துவிட்டது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பையனைக் குழிக்குள் இறக்குகிற எவரும் இதைத் தெரியாது என்று சொல்ல முடியாது.

1995இல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு. உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பயிற்சி முடித்து வேலையில்லாமல் நின்றவர்கள் சங்கமாகச் சேர்ந்து வந்தார்கள். வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று கோர்ட்டு சொல்லவில்லை. ஆனால் மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் வெளியிலிருந்து வருபவரைவிடப் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று சொல்லிற்று. தனித்தனியாகக் கெஞ்சியிருந்தால் இந்த ஒரு வரியும் கிடைத்திருக்காது.

2018 மார்ச் 20ஆம் தேதி மும்பையில் மாதுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் நூற்றுக்கணக்கான வாலிபர்கள் உட்கார்ந்தார்கள். ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்கள் அவர்கள். நூற்றுக்கு 20 ஒதுக்கீடு என்ற பெயரில் எங்களை வடிகட்டாதே, வேலை கொடு என்று கேட்டார்கள். காலை நேரத்து மும்பை நகரமே நின்றது. தடியடி நடந்தது. தடியால் அடித்து விரட்டலாம். அவர்கள் கேட்ட கேள்வியை விரட்ட முடியுமா?

வயலில் உழைப்பவர்களுக்கு

விவசாயத் தொழிலாளத் தோழர்களே! அறுவடை இயந்திரம் வந்து உங்கள் கூலி நாட்களைக் குறைத்துவிட்டது. நடவும் இயந்திரத்துக்குப் போகிறது. கோபம் வருவது நியாயம். ஆனால் அந்த இரும்பு நம் பகைவன் அல்ல. முதுகொடியக் குனிந்து அறுத்த வேலையை அது செய்தால் நல்லதுதான். அது யார் கையில் இருக்கிறது, மிச்சமான உழைப்பின் பலன் யாருக்குப் போகிறது என்பதில்தான் சண்டை.

அந்த இயந்திரம் வயல் நடுவில் நின்றுபோனால் சொந்தக்காரர் டவுனுக்குப் போன் செய்துவிட்டு வரப்பில் காத்திருக்கிறார். அந்த ஊர்ச் சேரியிலிருந்தே அதைச் சரிசெய்யும் கை ஏன் வரக்கூடாது? நம் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அந்தத் தொழில் ஏன் எட்டக்கூடாது? ஆம், பெண்ணுக்கும்தான். பாரம் தூக்கிக் களை பறித்த கை ஸ்பேனர் பிடிக்காதா? ஒன்றியத்துக்கு ஒன்றாகப் பயிற்சிக்கூடம் வை, டிராக்டரும் பம்பு செட்டும் அறுவடை இயந்திரமும் வைத்துச் சொல்லிக்கொடு, பயிற்சி நாளுக்குக் கூலி இழப்பை ஈடு செய் என்று நாம் கேட்க வேண்டும். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டிலிருந்து வருபவனுக்கு 'இலவசப் பயிற்சி' என்பது இலவசம் அல்ல.

'டீசலே போகப்போகிறதே?'

கடைசியாக ஒரு வாதம் வைக்கிறார்கள். மின்சார வண்டி வந்துவிட்டது, டீசல் தொழிலுக்கு எதிர்காலம் இல்லை, எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்கிறார்கள். மின்சார பஸ்கள் வருவது மெய்தான்; புகை குறைவது உழைப்பாளிக்கும் நல்லதுதான். ஆனால் இன்று ரோட்டில் ஓடும் லாரிகளும் வயலில் நிற்கும் டிராக்டர்களும் நாளைக் காலையில் மறைந்துவிடப் போவதில்லை. மாற்றம் வரும்போது யார் செலவில் வரும் என்பதே கேள்வி. டீசலில் கை பழகியவனுக்கு மோட்டாரையும் பாட்டரியையும் வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு கற்றுக்கொடு. நாற்பது வயது மெக்கானிக்கை 'உன் தொழில் பழசு' என்று வெளியே தள்ளிவிட்டு, இருபது வயதுப் பையனை மறுபடியும் 'பயிலுநர்' என்று உள்ளே இழுக்க விடமாட்டோம்.

நிரந்தரத் தோழரே, இது உங்கள் பிரச்சினை

'அப்ரண்டிஸ் பிரச்சினை நமக்கெதற்கு' என்று நிரந்தரத் தொழிலாளி நினைத்தால் அதைவிடத் தற்கொலை வேறில்லை. உங்கள் பக்கத்தில் 7,000 ரூபாய்க்கு ஒருவன் நிற்கும்வரை உங்கள் சம்பளக் கோரிக்கைக்கு முதலாளி செவிசாய்ப்பாரா? நீங்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாளில் அந்தப் பையனைக் காட்டித்தானே உங்களை மிரட்டுவார்! நீங்கள் ஓய்வு பெற்றுப் போனால் உங்கள் இடம் நிரப்பப்படுவதில்லை. அங்கே ஒரு பயிலுநர் நிறுத்தப்படுகிறான். அந்தப் பையன் உங்களுக்குப் போட்டியல்ல. உங்களை நோக்கி வீசப்படும் கல். கல்லைக் கோபித்துப் பயனில்லை. எறிகிற கையைப் பிடியுங்கள்.

ஆகவே நாம் கேட்கிறோம்:

பயிற்சிக்காலத்துக்குத் திட்டமான எல்லை வை. ஒரே ஆளை வெவ்வேறு பெயரில் மறுபடி மறுபடி பயிலுநராக்காதே.

பயிற்சி முடித்தவர்களைக் கொண்டே காலியிடங்களை நிரப்பு; நிரப்பிய பிறகு புதிய பயிலுநரை எடு.

உதவித்தொகையைச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் ஆக்கு.

பட்டறையில் கற்ற கைகளுக்குத் தேர்வு வைத்து, கட்டணமின்றிச் சான்றிதழ் கொடு.

சர்க்கார் ஐ.டி.ஐ. ஒவ்வொன்றிலும் இன்றைய எஞ்சினும் ஸ்கேனரும் நிரந்தர வாத்தியாரும் வை.

பயிலுநருக்குச் சங்கத்தில் சேரும் உரிமையைச் சட்டத்தில் எழுது. சட்டம் எழுதும்வரை காத்திராமல் சங்கங்கள் இன்றே அவர்களுக்குக் கதவைத் திறக்கட்டும். அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் கோரிக்கைப் பட்டியலின் முதல் பக்கத்தில் பயிலுநரின் கோரிக்கை இருக்கட்டும்.

வாலிபத் தோழர்களே! தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். எஞ்சினை அக்கு அக்காகப் பிரித்துப் பாருங்கள். மைக்ரோமீட்டரைப் பிடியுங்கள், ஸ்கேனரைப் படியுங்கள், எந்த மேஸ்திரியிடமும் கேள்வி கேட்க வெட்கப்படாதீர்கள். அரைகுறைத் தொழிலாளியைவிட நன்றாகத் தொழில் தெரிந்தவனையே முதலாளி அதிகம் அஞ்சுகிறான். ஆனால் தொழிலோடு கூட உங்கள் உரிமையையும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஒப்பந்தத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்த நேரத்தை ஒரு நோட்டில் தினமும் குறித்து வையுங்கள். ஷிப்டு முடிந்ததும் சங்க ஆபீசுக்கு வாருங்கள்.

உங்களைப் பயிலுநர் என்று அழைப்பது அவர்கள் லாபக்கணக்கு. உழைக்கிறவன் தொழிலாளி. இது நம் கணக்கு. எந்தக் கணக்கு நிற்கும் என்பதை நம் ஒற்றுமை தீர்மானிக்கும்!